விலை ஏறுகிறது, கட்டை மாறுகிறதா?

எங்கள் மகள் ஏழு வயதில் பழகத் தொடங்கியது 61 கட்டைகள் உள்ள சாதாரண கீபோர்ட் ஒன்றில். ஒன்றரை வருடம் அதிலேயே வாசித்தாள், கேட்கவும் நன்றாக இருந்தது. ஒருநாள் டீச்சர் அவளை இங்கே மட்டக்களப்புப் புளியந்தீவில் ஒரு வீட்டிலிருந்த பழைய மரப் பியானோவுக்கு முன்னால் உட்கார வைத்தார். வீட்டில் பிழையில்லாமல் வாசிக்கும் அதே பாடம்தான். பெருவிரலுக்கும் அடுத்த இரண்டு விரல்களுக்கும் சத்தம் வந்தது. நாலாம் விரலும் சின்ன விரலும் அழுத்தியபோது கட்டை கீழே போனது, சத்தம் வரவில்லை. "அப்பா, இதில சத்தம் வருகுதில்ல" என்று திரும்பிப் பார்த்தாள். டீச்சர் அவளுடைய மணிக்கட்டை மெல்லத் தூக்கிப் பிடித்து, "பியானோவில பிழையில்ல மகள். விரலால தட்டாத, கையின்ட பாரத்தைக் குடு" என்றார்.

அன்றைக்குத்தான் வீட்டுக்கு ஒழுங்கான கருவி வேண்டும் என்று முடிவெடுத்தோம். தொடக்கநிலை டிஜிட்டல் பியானோவா, இன்னும் கொஞ்சம் பணம் போட்டு இடைநிலைக் கருவியா என்ற கேள்வி அப்போது வந்தது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பிள்ளைகளுக்குப் பியானோ படிப்பிக்கிற பல பெற்றோர் இதே இடத்தில்தான் நிற்கிறார்கள். எனக்கு விளங்கியதை விளக்கமாகவே எழுதுகிறேன்.

முதலில் கட்டை. இத்தாலியில் 1700ஆம் ஆண்டளவில் பார்த்தொலொமேயோ கிறிஸ்தோபோரி செய்த கருவிக்கு, மெதுவாகவும் உரத்தும் ஒலிப்பது என்ற பொருளில்தான் பெயர் வைத்தார்கள். அந்த நீண்ட பெயரில் மிஞ்சியது பியானோ என்ற சொல். கட்டையை அழுத்தினால் மறுமுனையில் ஒரு சுத்தியல் எகிறிக் கம்பியில் அடித்துவிட்டு உடனே விழும். அழுத்தும் வேகம் எவ்வளவோ அவ்வளவுதான் ஒலி. மிக மெதுவாக அழுத்தினால் சுத்தியல் கம்பியைத் தொடாமலே திரும்பிவிடும். மகளின் சின்ன விரலுக்கு நடந்தது இதுதான். சாதாரண கீபோர்டில் சுத்தியலும் இல்லை, பாரமும் இல்லை. பிளாஸ்டிக் கட்டைக்குக் கீழே ஒரு ஸ்ப்ரிங், அவ்வளவுதான். அதில் பழகிய விரல் தட்டப் பழகும், தாங்கப் பழகாது.

டிஜிட்டல் பியானோவில் கம்பி இல்லாவிட்டாலும் பாரம் உண்டு. 88 கட்டைகளுக்கும் அடியில் சிறு சுத்தியல் போன்ற எடைகள் இருக்கும். இடது பக்கத்துக் கனத்த சுரங்களுக்குக் கூடுதல் பாரம், வலது பக்கம் போகப் போக இலகு. உண்மையான பியானோவில் இருப்பதும் அதே ஒழுங்கு. சரி, கம்பியில்லாத கருவிக்கு நீங்கள் அழுத்திய வேகம் எப்படித் தெரிகிறது? ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ரப்பர் துண்டில் கரித் தொடுகை இரண்டு இருக்கும், இவற்றைத்தான் சென்சர் என்பார்கள். கட்டை இறங்கும்போது முதலில் ஒன்று தொடும், பிறகு மற்றது. இரண்டுக்கும் இடையில் கழிந்த நேரத்தைக் கருவி அளக்கிறது. நேரம் குறைந்தால் உரத்த ஒலி, கூடினால் மென்மையான ஒலி.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு எல்லை இருக்கிறது. இரண்டு சென்சர் உள்ள கட்டையில் அதே சுரத்தை மறுபடி வாசிக்க, கட்டை ஏறத்தாழ முழுவதும் மேலே வந்தாக வேண்டும். பாதியில் மறுபடி அழுத்தினால் சத்தம் வராது. மூன்றாவது சென்சர் இருந்தால் கட்டை பாதி ஏறியதுமே மறுபடி ஒலிக்கும். ஒரே சுரத்தை விரல் மாற்றி மாற்றி வேகமாக அடிக்கிற இடங்கள் நாலாம், ஐந்தாம் தரப் பாடங்களில் வரத் தொடங்கும்போது இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். முதல் இரண்டு மூன்று வருடம் தெரியவே தெரியாது. நல்ல கட்டையைக் கெட்ட கட்டையிலிருந்து பிரிப்பது அது கீழே போகும் விதத்தைவிட மேலே திரும்பி வரும் விதம்தான் என்று இப்போது நம்புகிறேன்.

இனிச் சந்தைக்கு வருவோம். தொடக்கநிலை என்று சொல்லப்படுபவை யமஹா பி-45, அதற்குப் பின் 2023இல் வந்த பி-145, கசியோ சிடிபி-எஸ்110, ரோலண்ட் எஃப்பி-10 போன்றவை. அதற்கு மேல்படியில் யமஹா பி-225, ரோலண்ட் எஃப்பி-30எக்ஸ், கசியோ பிஎக்ஸ்-எஸ்1100, கவாய் ஈஎஸ்120. இவை வெளிவந்த காலத்தில் வெளிநாட்டுச் சந்தையில் முதல் வரிசை 500 டொலரை ஒட்டியும் இரண்டாவது வரிசை பெரும்பாலும் 700, 800 டொலரை ஒட்டியும் நின்றது. இங்கே அந்த 200, 300 டொலர் சின்ன வித்தியாசம் அல்ல. 2022இல் சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனதும், 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி 18 சதவீதம் ஆனதும் இப்படியான இறக்குமதிச் சாமானில் நேரே விழுகின்றன. ஒரு குடும்பத்தின் மாதச் செலவு அந்த இடைவெளிக்குள் போய்விடும்.

அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது? கடைகளில் அதிகம் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. பி-145இலும் பி-225இலும் இருப்பது ஒரே கட்டை அமைப்பு. எஃப்பி-10, எஃப்பி-30எக்ஸ் இரண்டிலும் அப்படியே. ரோலண்ட் அதற்கு பிஎச்ஏ-4 என்று பெயர் வைத்திருக்கிறது, மூன்று சென்சர் உள்ளது. ஆகவே எஃப்பி-10 வாங்குகிறவர் தொடக்கநிலை விலைக்கு மேல்படிக் கட்டையைக் கொண்டு போகிறார். விலை ஏறினால் கட்டையும் நல்லதாகும் என்று நினைத்துக் கூடப் பணம் கொடுப்பவருக்கு, ஒரே நிறுவனத்தின் இந்த இரண்டு படிகளுக்குள் விரலில் எந்த வித்தியாசமும் கிடைக்காமல் போகலாம். கட்டை நிச்சயமாக மாறுகிற இடங்களும் உண்டு. அலுமாரிபோல நிற்கிற யமஹா வைடிபி-145இல் பி-45இல் இருந்த அதே ஜிஎச்எஸ் கட்டைதான். அடுத்த மொடலான வைடிபி-165இல் மூன்று சென்சர் உள்ள ஜிஎச்3. எந்தக் கருவியைக் காட்டினாலும் முதற் கேள்வியாக, கட்டை அமைப்பின் பெயர் என்ன, எத்தனை சென்சர் என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் மொடல் இலக்கத்தை வைத்து வீட்டில் தேடிப் பாருங்கள்.

கட்டை ஒன்றேயாக இருக்கும்போது மேல்படி விலை வாங்கித் தருவது ஸ்பீக்கர், ஒலியெண்ணிக்கை, வெளியிணைப்பு, பெடல் ஆகியவற்றை.

ஒலியெண்ணிக்கை என்பது ஒரே நேரத்தில் எத்தனை ஒலிகள் நீடிக்கலாம் என்பது. பி-145இல் 64, எஃப்பி-10இல் 96, பி-225இல் 192, எஃப்பி-30எக்ஸில் 256. விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது இந்த இலக்கத்தைத்தான். பத்து விரல்தானே, 64 எதற்கு என்று தோன்றும். பெடலை அமுக்கிக்கொண்டு வாசித்தால் முந்தின சுரங்கள் எல்லாம் நீடிக்கும், ஸ்டீரியோ ஒலியில் ஒரு சுரமே இரண்டு கணக்காகவும் போகலாம். அப்படியிருந்தும் தொடக்க வருடங்களில் 64 போதும். இதற்காக மட்டும் ஒருவர் மேல்படிக்குப் போக வேண்டியதில்லை.

ஸ்பீக்கர் வேறு கதை. எஃப்பி-10இல் இரண்டு 6 வாட் ஸ்பீக்கர், எஃப்பி-30எக்ஸில் இரண்டு 11 வாட். சாதாரண நாளில் சின்ன அறைக்கு 6 வாட் தாராளம். மாரிகாலத்தில், தகரமோ சீற்றோ போட்ட கூரையில் மழை கொட்டும்போது எந்தத் தொடக்கநிலைக் கருவியும் கேட்காது. நவம்பரிலிருந்து ஜனவரி வரை இங்கே பெய்கிற மழை எல்லாருக்கும் தெரிந்ததுதானே. எங்கள் வீட்டில் அந்த மாதங்களில் ஹெட்போன்தான். கம்பி உள்ள, காதை முழுவதும் மூடுகிற நல்ல ஹெட்போன் ஒன்று, தொடக்கநிலைக் கருவியின் ஒலியை ஒரு படி உயர்த்திவிடும். புளூடூத் ஹெட்போன் வேண்டாம். விரல் அழுத்தியதற்கும் காதில் விழுவதற்கும் இடையில் தாமதம் வரும், பிள்ளையின் தாளம் குழம்பிப் போகும்.

வெளியிணைப்பு யாருக்கு வேண்டும்? பிள்ளை ஆலயத்தில் வாசிக்கப் போகிறது என்றால் கட்டாயம் வேண்டும். 1814இல் வில்லியம் ஓல்ட் என்ற மிஷனரி இங்கே வந்திறங்கிய காலத்திலிருந்து மெதடிஸ்த சபையும், அதற்கு முன்னும் பின்னும் கத்தோலிக்க ஆலயங்களும் இந்த ஊருக்குப் பாடற்குழுவையும் மேலைச் சங்கீதத்தையும் பழக்கிவிட்டன. பியானோ படிக்கிற பிள்ளையிடம் நத்தார் வந்தால் யாராவது உதவி கேட்கத்தான் செய்வார்கள். பி-145இலும் எஃப்பி-10இலும் ஆலய மிக்சருக்குக் கொடுக்கத் தனியான லைன் அவுட் இல்லை. ஹெட்போன் துளையிலிருந்து வயர் எடுக்க வேண்டும். எடுத்தால் கருவியின் சொந்த ஸ்பீக்கர் வழக்கமாக நின்றுவிடும். வாசிக்கிற பிள்ளைக்குத் தன் வாசிப்பே கேட்காது, மண்டபத்தின் பின்பக்கமிருந்து திரும்பி வரும் ஒலியைக் கேட்டு வாசிக்கும், பாடற்குழு இழுபடும். இதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பி-225, எஃப்பி-30எக்ஸ், ஈஎஸ்120 மூன்றிலும் தனி லைன் அவுட் இருக்கிறது. ஆலயத்துக்கும் பாடசாலை விழாவுக்கும் தூக்கிப் போகிற கருவி என்றால் மேல்படி விலை இந்த ஒரு துளைக்காகவே நியாயம்.

பெடல் பற்றிப் பெற்றோர் யாரும் கேட்பதில்லை. தொடக்கநிலைக் கருவியோடு வழக்கமாக வருவது சதுரமான சின்னப் பிளாஸ்டிக் சுவிட்ச். சீமெந்துத் தரையில் வழுக்கிக்கொண்டே போகும். பிள்ளை காலால் அதைத் தேடும்போது கை குழம்பும். அதைவிட, அது போடு அல்லது நிறுத்து என்ற இரண்டு நிலை மட்டுமே அறிந்தது. உண்மையான பியானோவில் பெடலைப் பாதி அமுக்கி ஒலியைக் கொஞ்சம் மங்கவிடலாம், தரம் ஏற ஏற அது தேவைப்படும். பாதிப் பெடலைச் சில கருவிகள் ஏற்கும், சில ஏற்காது. எஃப்பி-10 போன்ற விலை குறைந்த கருவியே டிபி-10 என்ற தனிப் பெடலை வாங்கிப் பூட்டினால் ஏற்கும். கருவியை வாங்கும்போதே பாரமான உலோகப் பெடல் ஒன்றுக்கும் காசு ஒதுக்குங்கள்.

அதோடு ஸ்டான்டும் இருக்கையும். எக்ஸ் வடிவ ஸ்டான்டில் கையின் பாரத்தைக் கொடுத்து வாசித்தால் கருவி ஆடும், ஆடுகிற பயத்தில் பிள்ளை மெதுவாகவே வாசித்துப் பழகும். எங்கள் கருவிக்கு ஒரு மேசன் பாசின் உதவியோடு சுவரில் சாய்ந்த மேசை ஒன்றைத் தச்சரிடம் செய்வித்தோம், பாலை மரம். கட்டையின் மேற்பரப்பு தரையிலிருந்து 73 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். சாப்பாட்டுக் கதிரை பிள்ளைக்குப் பதிவு. முழங்கை கட்டையின் மட்டத்துக்கு வரவேண்டும்.

இங்கே மின்சாரத்தையும் ஒரு தரம் பேச வேண்டும். 2022 மார்ச் கடைசியில் ஒருநாளில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். கசியோவின் சிடிபி-எஸ்110உம் பிஎக்ஸ்-எஸ்1100உம் ஆறு ஏஏ பற்றரியில் வேலை செய்யும். பாரக் கட்டை உள்ள கருவிகளில் இது அரிது. அப்புறம், ஜப்பானில் பாவித்துக் கொண்டுவரும் கருவிகள். விலை கவர்ச்சியாக இருக்கும், கட்டையும் பெரும்பாலும் நல்லது. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நமக்கு 230. உள்ளேயே மின்வழங்கி உள்ள அலுமாரி வகைக் கருவியை ட்ரான்ஸ்ஃபோமர் இல்லாமல் செருகினால் அந்த நிமிடமே முடிந்தது. வெளி அடப்டர் உள்ள கருவியென்றால் அதே வோல்ட்டும், அதே முனை ஒழுங்கும், குறையாத அம்பியரும் உள்ள நம்மூர் அடப்டர் ஒன்று போதும். கருவியின் பின்பக்கச் சிட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

உப்புக்காற்று எல்லாவற்றிலும் பெரியது. பழைய மரப் பியானோவை யாராவது இலவசமாகத் தந்தாலும் நான் யோசிப்பேன். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற ஊரில் கம்பி கறள் பிடிக்கும், மரம் மாரியில் ஊதிக் கச்சானில் காயும், சுருதி நிற்காது. சுருதி கூட்ட ஆள் கொழும்பிலிருந்து வரவேண்டும். டிஜிட்டல் பியானோவுக்கு அந்தக் கவலை இல்லை என்பதற்காகக் கவலையே இல்லை என்று ஆகாது. வாங்கி இரண்டாம் வருடம் எங்கள் கருவியில் நடு சி-க்குப் பக்கத்துக் கட்டை ஒன்று எவ்வளவு மெதுவாகத் தொட்டாலும் உரக்கக் கத்தியது. கழற்றிப் பார்த்தோம். கட்டைகளுக்கு அடியில் பல்லி முட்டை ஓடு இரண்டு, ஒரு வரிசை எறும்பு மண், கரித் தொடுகையில் மெல்லிய ஈரப்படலம். சென்சர் ஒன்று ஒழுங்காகத் தொடாததால் கருவி நேரத்தைத் தப்பாக அளந்திருக்கிறது. பஞ்சில் ஐசோபுரோப்பைல் அற்ககோல் தொட்டு ரப்பரையும் பலகையையும் துடைத்துக் காயவைத்தோம், சரியாகிவிட்டது. அதன்பின் வாசித்து முடிந்ததும் பழைய பருத்திச் சேலையால் மூடுகிறோம், பக்கத்தில் சிலிக்கா ஜெல் பொதி. பிளாஸ்டிக் உறை போடவேண்டாம், ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும்.

இப்படிக் கழற்றித் துடைப்பது எங்களுக்குச் சுலபமானதற்குக் காரணம் கருவி 11 கிலோ அளவில் இருந்ததுதான். கொழும்பு இங்கிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல். பெரிய பழுதென்றால், பலகை வடிவக் கருவியைப் பெட்டியோடு பஸ்ஸிலோ ரயிலிலோ கொண்டு போய்க் காட்டலாம். வைடிபி-165 போன்றது 42 கிலோ, அதற்கு வாகனம் பிடிக்க வேண்டும். காட்டுகிற அலுமாரி அழகுக்காக அதை வாங்கி, பழுது வந்த பிறகு வீட்டு மூலையில் துணி மடித்து வைக்கிற மேசையாக்கியவர்களை அறிவேன்.

பியானோவைச் சங்கீதப் பயிற்சிக்கும் பாவிக்கிற வீடுகள் இங்கே நிறைய. கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் வாய்ப்பாட்டோ வீணையோ படிக்கிற அக்காவும், மேலைப் பியானோ படிக்கிற தம்பியும் ஒரே வீட்டில் இருப்பார்கள். அக்காவின் சுருதி ஐந்தரைக் கட்டை (அதாவது ஜி-ஷார்ப்) என்றால், சுருதியை ஏற்றி இறக்குகிற ட்ரான்ஸ்போஸில் நான்கு அரைச்சுரம் இறக்கினால் போதும், சி கட்டையிலிருந்தே அவளுக்குச் சட்ஜம் வரும். இந்த வசதி ஆக மலிவான கருவியிலும் உண்டு. கமகம் எந்த விலைக் கருவியிலும் வராது, அதற்காக யாரும் மேல்படிக்குப் போகவேண்டாம்.

பியானோப் பரீட்சை எடுக்கும் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. இங்கிலாந்தின் இசைப் பரீட்சைச் சபையான ஏ.பி.ஆர்.எஸ்.எம். 2020இல் தொடங்கிய வாசிப்புத் தரங்களில் (பர்ஃபோமன்ஸ் கிரேட்ஸ்) பிள்ளை வீட்டிலிருந்தே காணொளி எடுத்து அனுப்பலாம், டிஜிட்டல் பியானோவும் ஏற்கப்படும். முழு அளவுப் பாரக் கட்டையும், தொடுகைக்கு ஏற்ப மாறும் ஒலியும், பெடலும் இருக்க வேண்டும். தொடக்கநிலைக் கருவி இதைத் தாண்டிவிடும், 61 கட்டைக் கீபோர்ட் தாண்டாது.

ஆகவே என் அபிப்பிராயம் இது. புதிதாகத் தொடங்கும் பிள்ளைக்கு மூன்று சென்சர் உள்ள தொடக்கநிலைக் கருவி, பாரமான பெடல், ஆடாத மேசை, நல்ல ஹெட்போன். மிஞ்சும் பணம் டீச்சருக்கு. ஆலயத்தில் வாசிக்கிறவருக்கும், முன்னமே வாசித்துப் பழகி விட்டுப்போன பெரியவருக்கும் நேரே இடைநிலை. இவர்கள் தொடக்கநிலையை வாங்கினால் ஒரு வருடத்தில் விற்கத்தான் போகிறார்கள்.

நாங்கள் இந்தக் கணக்கை முன்பே அறிந்திருக்கவில்லை. இரண்டு சென்சர் கருவியைத்தான் வாங்கினோம். மகளுக்கு இப்போது பதின்மூன்று வயது, ஐந்தாம் தரம். அவளுடைய பாடத்தில் ஒரே சுரம் மூன்று விரல் மாற்றி வரும் இடம் ஒன்று உண்டு, மூன்றாவது ஒவ்வொரு முறையும் விழுங்கப்பட்டது. போன ஆவணியில் கொழும்புக்குப் போனபோது கடையில் அந்த ஒரு வரியை மட்டும் நான்கு கருவிகளில் வாசிக்கச் சொன்னேன். விலை கூடிய ஒன்றில் மறுபடி விழுங்கியது. அதைவிட மலிவான ஒன்றில் மூன்றும் தெளிவாக விழுந்தன. விற்பனையாளர் விலை கூடியதன் நிறத்தைக் காட்டிக்கொண்டிருந்தார், மகள் மலிவானதை விட்டு எழும்பவில்லை.

பழைய கருவி இப்போது காரைதீவில் தங்கச்சி வீட்டில். அவளுடைய மகனுக்கு ஆறு வயது. பருத்திச் சேலையையும் சிலிக்கா ஜெல் பொதியையும் கூடவே கொடுத்துவிட்டோம். பெடலுக்கு அவனுக்கு இன்னும் கால் எட்டவில்லை, கீழே வைக்க ஒரு பலகை அறுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.